தறிவீட்டில் ஒரு கருந்திரை

ஒரு பாவு நெய்து தீர்ந்த பிறகு, அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே விட்டுவைத்த பழைய இழைகளின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலைக்குப் பிணைத்தல் என்று பெயர். இழைகளோ ஆயிரக்கணக்கானவை; அவற்றுள் ஒன்று முறை தவறி அடுத்ததன் இடத்தில் அமர்ந்துவிட்டால், அந்தப் பிழை பாவு முடியும் வரையில் ஒவ்வொரு சேலையிலும் ஒரு கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆகையால் பிணைக்க உட்காருகிறவர்கள் கைவேகத்தைக் காட்டிலும் நிதானத்தையே பெரிதாக மதிப்பார்கள். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியில், தறிச் சத்தத்தின் நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு, ஒன்றை இன்னொன்றோடு சேர்ப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பது சிறு வயதிலேயே தெரிந்த விஷயம். ஆனால் சென்ற கோடையில் என் தமையனார் வீட்டில் ஒரு கணினித் திரையும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் ஒன்றோடொன்று சேர மறுத்து, நான்கு நாட்கள் எங்கள் எல்லோரையும் சிந்தனையில் ஆழ்த்திய பிறகுதான், அந்தப் பழைய அறிவு இந்தப் புதிய உபகரணங்களுக்கும் பிரயோஜனப்படும் என்பது எனக்கு விளங்கிற்று.

தமையனாருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் மூத்தவள், மணமாகி வேறூரில் இருக்கிறாள். மகன், ஜக்கார்டு அட்டைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறான். பகலெல்லாம் கரையும் முந்தானையும் கட்டங்கட்டமாக வரைகிற அந்தப் பிள்ளை, இரவில் ஒரு மணி நேரம் பந்தாட்டமோ கார்ப் பந்தயமோ ஆடி இளைப்பாறுவதை வழக்கமாகக் கொண்டவன். பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய சரக்காக ஒரு கேமிங் மானிட்டரை வாங்கி, பஸ்ஸில் மடிமீது வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். 24 அங்குலத் திரை; விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் சக்தி. பின்புறத்தில் இரண்டு வாய்கள் இருந்தன. அவற்றுள் ஹெச்.டி.எம்.ஐ. என்பது முன்பு வைத்திருந்தவர் வீட்டிலேயே ஏதோ மின்னழுத்தக் கோளாறில் கருகிவிட்டது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். மிஞ்சியது டிஸ்ப்ளே போர்ட் என்னும் ஒரே வாய்.

வீட்டில் அந்தத் திரைக்குப் படம் கொடுக்கக் காத்திருந்த சாதனங்களோ நான்கு. ஹெச்.டி.எம்.ஐ. வாய் மட்டுமே உள்ள பிளேஸ்டேஷன் 4 ஒன்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று வட்டத் துளைகளைக் கொண்ட பழைய கேபிள் பெட்டி ஒன்று. டைப் சி வாயுள்ள கைபேசி ஒன்று. இவற்றோடு, அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசாங்கத்தார் கொடுத்த மடிக்கணினி ஒன்று, திரை விரிசல் கண்டு, பரண்மேல் ஒரு துணிப்பையில் கிடந்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தின் மூலம் தமிழ்நாட்டில் எத்தனையோ நெசவாளர் வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் நுழைந்தது. அதன் விலாவில் இருந்தது வி.ஜி.ஏ. என்னும் 15 ஊசி வாய். நான்கு சாதனங்கள், நான்கு வாய்கள். அவற்றுள் ஒன்றுகூட மானிட்டரின் வாயோடு ஒத்துப்போகவில்லை.

இந்த அவஸ்தை இன்று புதிதாக வந்ததன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதன் அலைகளை எங்களைப் போன்ற தூரத்து ஊர்க்காரர்கள் பிடிப்பதற்கு, மாடிக்கு மேல் ஒரு நெடிய குழாயை நட்டு ஆன்டெனா கட்ட வேண்டியிருந்தது. அதிலிருந்து இறங்கிய தட்டையான இரட்டைக் கம்பி 300 ஓம் மின்மறுப்பு உடையது. பின்னால் வந்த வண்ணப் பெட்டிகளின் வட்ட வாயோ 75 ஓம். இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டால் படத்தின் மேல் நிழலுருவம் விழும் என்பதால், விரல் நீளமுள்ள ஒரு சிறு மாற்றியை நடுவே வைத்தார்கள். ஆன்டெனா கட்ட வந்தவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மாட்டியபோது, ஏணியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். அன்றைக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் போலத் தோன்றிற்று. இன்று நாம் படுகிற பாட்டின் முதல் அத்தியாயம் அது.

அதற்குப் பிறகு வந்த வாய்களின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், ஒவ்வொரு வாயும் தான் பிறந்த காலத்தின் தேவையை முகத்தில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. மஞ்சள் துளை, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் பழைய முறை. வெள்ளையும் சிவப்பும் இடது வலது ஒலிக்கு உரியவை. 2006-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வீடுதோறும் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நம் ஜனங்கள் பழகியது இந்த மூன்று வண்ணங்களைத்தான். எழுத்து வாசனை இல்லாத மூதாட்டிகூட மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு என்று தானே மாட்டிக்கொள்ள முடிந்தது. இவ்வளவு கருணையோடு அமைந்த ஏற்பாடு பின்னால் வந்த எந்த வாயிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம். வி.ஜி.ஏ. என்பது 1987-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளுக்காகக் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கம்பியில், ஏறியிறங்கும் மின்னழுத்தமாக அனுப்பும் முறை அது. குழாய்த் திரைகளின் காலத்துக்கு மிகவும் பொருத்தமானது. ஒலி அதில் கிடையாது. 1999-இல் டி.வி.ஐ. வந்தது, படம் அதற்குப் பின் எண்களாகப் பயணம் செய்யத் தொடங்கிற்று.

2002-ஆம் ஆண்டு டிசம்பரில், சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி முதலிய ஏழு கம்பெனிகள் கூடி ஹெச்.டி.எம்.ஐ. என்னும் 19 ஊசி வாயை வகுத்தன. அவர்களுட் பெரும்பாலோர் தொலைக்காட்சி செய்கிறவர்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சினிமா பார்க்கிற குடும்பமே அவர்கள் மனத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2006-இல், கணினித் திரைகளுக்கு விதிகள் வகுக்கும் வீசா என்னும் சங்கம் டிஸ்ப்ளே போர்ட் என்ற 20 ஊசி வாயை வெளியிட்டது. அவர்கள் மனத்தில் இருந்ததோ மேஜைமேல் கணினியின் முன் தனியே உட்கார்ந்து வேலை செய்கிற மனிதன். கூடத்துக்கு ஒரு வாய், மேஜைக்கு ஒரு வாய் என்று பிரிந்த இந்தப் பிரிவினைதான், கூடத்துக்காகப் பிறந்த விளையாட்டுப் பெட்டியை மேஜைக்காகப் பிறந்த மானிட்டரோடு சேர்க்க முயன்ற எங்கள் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது.

அவன் முதலில் செய்தது, யாரும் செய்யக்கூடிய காரியமே. ஒரு முனையில் ஹெச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் டிஸ்ப்ளே போர்ட்டும் உள்ள கேபிள் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கினான். இரண்டு முனைகளும் அந்தந்த வாயில் கச்சிதமாக அமர்ந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கேபிள் கெட்டது என்று எண்ணி இன்னொன்று வாங்கினான், அதுவும் அப்படியே. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “சித்தப்பா, ரெண்டு முனையும் கச்சிதமா உட்காருது. ஆனா ‘சிக்னல் இல்லை’ன்னே காட்டுது. மானிட்டரே போயிடுச்சோ?” என்றான். குரல் கம்மியிருந்தது, மாதக்கணக்கில் சேர்த்த பணம் அல்லவா?

தறியில் உட்கார்ந்தபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்த தமையனார், நாடாவைக் கீழே வைத்துவிட்டு, “ஏண்டா, பிணைக்கும்போது எது பழைய பாவு, எது புதுப் பாவுன்னு பார்த்துட்டுத்தானே கையை வைப்போம்? இதுல எது குடுக்குது, எது வாங்குது?” என்று கேட்டார். அவருக்கு டிஸ்ப்ளே போர்ட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான். அந்தக் கேபிளின் உறையை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஒரு மூலையில், எறும்பளவு எழுத்தில், டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு என்று அச்சிட்டிருந்தது. கொடுக்கும் பக்கம் டிஸ்ப்ளே போர்ட்டாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும் கேபிள் அது. எங்களுக்கோ கொடுக்கும் பக்கம் ஹெச்.டி.எம்.ஐ.; வாங்கும் பக்கம் டிஸ்ப்ளே போர்ட். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வண்டியை விட்டுவிட்டு, சாலை அடைத்திருக்கிறது என்று மூன்று நாட்கள் வருந்திக்கொண்டிருந்தோம்.

ஒரு திசையில் செல்லும் கேபிள் மறுதிசையில் ஏன் செல்லாது என்பதைப் புரிந்துகொள்வதற்கு, உருவம் வேறு, பாஷை வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆரணியில் பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிரர்கள் வீட்டுக்குள் தங்கள் தாய்மொழியான சௌராஷ்டிர பாஷையிலும், கடைவீதிக்கு வந்தால் தமிழிலும் சரளமாகப் பேசுவார்கள். எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து அந்தக் கணமே பாஷையை மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் அவர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. கணினிகளில் உள்ள டிஸ்ப்ளே போர்ட் வாய்களிற் பல அப்படிப்பட்டவை. எதிரே ஹெச்.டி.எம்.ஐ. திரை இருக்கிறது என்று கண்டுகொண்டால், தம் சொந்த பாஷையை விட்டுவிட்டு ஹெச்.டி.எம்.ஐ.யின் பாஷையிலேயே பேசிவிடும். அதனால்தான் அந்தத் திசையில் ஒரு சாதாரணக் கேபிளே போதுமானதாக இருக்கிறது. ஆனால் ஹெச்.டி.எம்.ஐ.க்குத் தன் பாஷை ஒன்றே தெரியும். டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்கும் தன் பாஷை ஒன்றே புரியும். முன்னது படத்தை ஓயாத நீரோட்டமாக விடுகிறது. பின்னது அதே படத்தைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பினால்தான் ஏற்றுக்கொள்ளும். இந்த இருவரையும் வெறும் கம்பியால் கட்டினால், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் வெறும் ஓசையாகக்கூட விழுவதில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் நடுவே ஒரு துபாஷி வேண்டும். 1751-ஆம் ஆண்டில் இதே ஆரணியின் அருகே கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த ராஜா சாகிபின் படையும் மோதிய காலத்தில், இரு தேசத்துக் கும்பினியாரும் துபாஷிகள் இல்லாமல் இந்த மண்ணில் ஒரு காரியத்தையும் நடத்த முடியாதவர்களாகவே இருந்தார்கள். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே அதற்குச் சாட்சி. துபாஷி வெறுமனே இடையில் நிற்கிறவர் அல்லர். கேட்டு, புரிந்து, வேறு பாஷையில் திருப்பிச் சொல்கிறவர். அதுபோலவே இரண்டு பாஷைகளுக்கு நடுவே உட்கார்ந்து உழைக்கும் சிறு பெட்டியைக் கடைக்காரர்கள் ‘ஆக்டிவ் கன்வெர்ட்டர்’ என்கிறார்கள். உழைக்கிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குக் கூலி மின்சாரம். ஹெச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் அளவே கட்டாயமாகக் கிடைக்கும் என்பதால், அது போதாமல், தனியாக ஒரு யு.எஸ்.பி. வால் அந்தப் பெட்டியிலிருந்து நீண்டிருக்கும். ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போகும் மாற்றியை வாங்குகிறவர்கள் இந்த வால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வால் இல்லாமல் வெறும் கேபிளாகவே இருந்தால், பெரும்பாலும் அது நாங்கள் வாங்கி ஏமாந்த எதிர்த்திசைக் கேபிளாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோளைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பட்டுச் சேலையை விற்கும்போது ஜரிகை எப்படிப்பட்டது, பட்டு எப்படிப்பட்டது என்று வாங்குகிறவருக்கு விளங்கச் சொல்வதை இந்த ஊர் வியாபாரத்தின் தர்மமாகவே நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஒரு கேபிளின் உறைமேல், இன்னதிலிருந்து இன்னதற்கு என்று, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழிலும் அச்சிட்டு, ஓர் அம்புக்குறியைப் போட்டுவிட்டால் என்ன நஷ்டம்? எத்தனை பிள்ளைகளின் சம்பளம் வீணாகாமல் தப்பும்! இது சின்ன விஷயம் என்று நான் கருதவில்லை.

மாற்றி வந்து சேர்ந்த அன்று மாலை படம் எழுந்தது. பிள்ளையின் முகத்தில் எழுந்த மலர்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனாலும் உடனே ஒரு சந்தேகம்: “144-ன்னு சொல்லித்தான் வாங்கினேன், இது 60-ன்னு காட்டுதே?” இதற்குக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 1920 பத்திகளும் 1080 வரிகளும் கொண்ட அந்தத் திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட்டுகள் வேண்டும். விநாடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 300 கோடி பிட்டுகள். 144 படம் என்றால் ஏறக்குறைய 717 கோடி. 2009-இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4 என்னும் பதிப்பு விநாடிக்கு 1,020 கோடி பிட்டுகளைச் சுமக்கும்; ஆனால் பத்தில் எட்டுப் பங்கே படத்துக்கு ஆகும் என்பதால் நிகரமாக 816 கோடி. அடுத்த பெரிய அளவான 2560-க்கு 1440 என்ற திரையை 144 முறை புதுப்பிக்க வேண்டுமானால் 1,274 கோடி பிட்டுகள் வேண்டும். அந்தப் பாரத்தை அந்தக் கம்பியால் சுமக்க முடியாது. 2010-இல் வந்த டிஸ்ப்ளே போர்ட் 1.2 நிகரமாக 1,728 கோடி பிட்டுகளைச் சுமந்தது. அதோடு, விளையாட்டில் படம் தயாராகும் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் தாளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியை 2014-இல் முதலில் ஏற்றுக்கொண்டதும் டிஸ்ப்ளே போர்ட்டே. கேமிங் மானிட்டர் செய்கிறவர்கள் அந்த வாயின் பக்கம் சாய்ந்ததற்கும், ஜி-சிங்க் என்ற முறையில் வந்த முதல் தலைமுறைத் திரைகள் அந்த ஒரே வாயோடு மட்டும் வந்ததற்கும் காரணம் இதுதான். ஹெச்.டி.எம்.ஐ.யும் பின்னால் 2.0, 2.1 என்று வளர்ந்து, 2017-இல் 4,800 கோடியைத் தொட்டது. அது பழைய பெட்டிகளுக்கு உதவாது. பிளேஸ்டேஷன் 4 கொடுப்பதே விநாடிக்கு 60 படந்தான். கொடுக்காததை மாற்றி எங்கிருந்து கொண்டுவரும்? சேலைக்கு நூல் 60 முழம் கொடுத்துவிட்டு 144 முழம் நெய்யச் சொல்ல முடியாது என்று அவன் தகப்பனார் சொன்னதும் அவன் சமாதானமானான்.

கேபிள் பெட்டியின் கதை வேறு. மஞ்சள் துளையிலிருந்து வருவது நம் நாட்டுப் பழைய ‘பால்’ என்னும் ஒளிபரப்பு முறைப் படம்: 625 வரிகள், அவற்றுள் கண்ணுக்குத் தெரிவன 576, விநாடிக்கு 25 முழுப் படங்கள். இதை எண்களாக்கி ஹெச்.டி.எம்.ஐ.யில் தரும் சிறு பெட்டிகள் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. வெளியே 60 ஹெர்ட்ஸில் கொடுக்கும்படி விசையைத் தள்ளி வைத்தால் மானிட்டர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் படம் தெளிவாக இருக்காது, இருக்கவும் முடியாது. ஜக்கார்டு தறியில் 120 ஹூக்குக்குப் போட்ட டிசைனை 240 ஹூக் பெட்டியில் ஏற்ற வேண்டுமானால், ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டிரண்டாகப் போட்டு நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பூ பெரிதாகும், இதழின் நெளிவு நுட்பமாகாது. 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் அட்டைத் துளைகளால் தறியை ஆட்டிவைத்தாரே, அந்த அட்டையின் கட்டத்துக்கும் இந்தத் திரையின் புள்ளிக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை; அதனால்தான் டிசைன் வேலை செய்யும் எங்கள் பிள்ளைக்கு இதை இரண்டு வாக்கியத்தில் விளக்க முடிந்தது.

புதிய கேபிள் பெட்டிகளில் ஹெச்.டி.எம்.ஐ. வாய் இருக்கிறது. அங்கே வேறொரு தடை வருகிறது. படத்தைத் திருடி நகல் எடுக்காமல் இருப்பதற்காக எச்.டி.சி.பி. என்ற பூட்டு அந்த வாயில் போட்டிருக்கிறார்கள். திரையிடம் அதற்கான சாவி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் படம் வெளியே வரும். நடுவில் நிற்கும் மாற்றிக்கு அந்தச் சாவி தெரியாவிட்டால் திரை மறுபடியும் கறுப்புத்தான். வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: பல மானிட்டர்களுக்குள் ஒலிபெருக்கி கிடையாது. விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியிலேயே காதொலிக் கருவியை மாட்டும் துளை இருப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை வரவில்லை.

கைபேசியின் டைப் சி வாயைப் பற்றி ஜனங்களிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2014-இல் வந்த அந்த வாய் பார்ப்பதற்கு எல்லாக் கைபேசியிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதன் வழியே டிஸ்ப்ளே போர்ட்டின் பாஷையைப் பேசும் சக்தி சில கைபேசிகளுக்கே உண்டு. விலை குறைந்தவற்றுள் பெரும்பாலானவை மின்சாரம் வாங்கவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே அந்த வாயைத் திறக்கும். எங்கள் பிள்ளையின் கைபேசி அந்த வகையைச் சேர்ந்தது. அதற்கு எந்த மாற்றியும் உதவாது என்று தெரிந்துகொண்டு, பணத்தைச் செலவழிக்காமல் விட்டோம்.

மிஞ்சியது பரண்மேல் இருந்த மடிக்கணினி. உண்மையில் அந்த வீட்டில் விலைமதிப்பற்ற பொருள் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அண்ணன் மகள் பள்ளியை முடித்த பிறகு, மணமாகிப் போகும் வரையில், தன் தகப்பனார் பல ஆண்டுகள் நெய்த பழைய கரைகளின் அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, துளை இருந்த இடத்தில் கறுப்பும் இல்லாத இடத்தில் வெள்ளையுமாக அதில் கட்டம் கட்டமாகப் பதிந்து வைத்திருந்தாளாம். ருத்ராட்சக் கரை, மயில், அன்னம், கோபுரம் என்று எத்தனையோ. அட்டைகள் பிறகு ஒரு மழைக்காலத்தில் நனைந்து பாழாகிவிட்டன. கோப்புகளைத் திறக்கும் பழைய மென்பொருளோ அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது. திரை விரிசல் கண்டதும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. “அக்கா போட்டு வெச்சதெல்லாம் அதுலதான் சித்தப்பா இருக்கு” என்று அவன் சொன்னபோது, விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கிய இந்த முயற்சி எதற்காகத் தொடங்க வேண்டியிருந்ததோ அது இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

வி.ஜி.ஏ.யின் ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை எண்களாக்கி ஹெச்.டி.எம்.ஐ.யில் தரும் ஒரு மாற்றியை வாங்கி, அதன் முனையை ஏற்கெனவே இருந்த மாற்றியில் செருகினோம். இரண்டு துபாஷிகள் ஒருவர்பின் ஒருவராக நிற்கும் ஏற்பாடு. இயன்றவரை தவிர்க்க வேண்டியதே. முதல் முயற்சியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மானிட்டர், தன்னால் என்னென்ன அளவுப் படங்களைக் காட்ட முடியும் என்பதை இ.டி.ஐ.டி. என்னும் 128 பைட் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டு, கேட்ட சாதனத்துக்குக் கொடுக்கும்; நடுவில் இருவர் நின்றால் அந்தக் குறிப்பு சில சமயம் சிதைந்து போகிறது. மேலும், படத்தை வெளி வாய்க்கும் அனுப்பு என்று அந்தக் கணினிக்குச் சொல்ல வேண்டும். அதன் சொந்தத் திரையோ இருட்டாக இருந்தது. பிள்ளை, பட்டறையில் இருந்த வேறொரு கணினியில் அதே வரிசையை முதலில் பழகிவிட்டு வந்து, விண்டோஸ் பொத்தானையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தி, அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, எண்டரை அழுத்தினான். கண்ணால் பார்க்காமல், விரல் நினைவில் வைத்திருந்ததைக் கொண்டு. இருட்டில் பிணைக்கிற கைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

திரை ஒரு தடவை மினுக்கிற்று. பிறகு 1024-க்கு 768 என்ற சிறிய அளவில், ஓரங்களில் சற்று இழுபட்ட தோற்றத்தோடு, படம் வந்து நின்றது. அவன் முதற் காரியமாக எல்லாக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தான். அதன் பிறகு ஒவ்வொரு டிசைனாகத் திறந்து, இனி எந்தக் கணினியிலும் திறக்கும்படி சாதாரணப் படக் கோப்பாகவும் மாற்றி வைத்தான். அதற்குள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த தமையனார், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தார். ருத்ராட்சக் கரை திறந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையில் படாமல் பிடித்து, கட்டங்களை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இந்தாப் பாரு, இந்த வரியில ஒரு கட்டம் இல்ல. அட்டை குத்தினவரு ஒரு ஓட்டையை விட்டுட்டாரு. அந்த அட்டை வரும்போதெல்லாம் நான் கையாலதான் இழையைத் தூக்கி விட்டு நெய்வேன். பொண்ணு அட்டையில இருந்தபடியே போட்டிருக்கா.”

மகன் மவுஸை நகர்த்தி அந்தக் கட்டத்தை நிரப்பினான்.